சிரகூசா வெள்ளிக்காசில் ஒரு பெண், சுற்றிலும் நான்கு மீன்கள்: யார் இவள்?

பலேர்மோவாசி:

உறவுகளுக்கு வணக்கம். ஊர் யாழ்ப்பாணம். 16 வருடமாகச் சிசிலித் தீவின் பலேர்மோவில் இருக்கிறேன். ஒரு முதியவரைப் பகலில் பார்த்துக்கொள்வது என் வேலை. சரித்திரம் படித்தவன் அல்லன். கேள்விகூட என்னுடையது அல்ல, என் மகளுடையது. அவளுக்கு 11 வயது.

போன கிழமை குடும்பமாகச் சிரகூசாவுக்குப் பஸ்ஸில் போய்வந்தோம். அங்கே பழைய நகரம் ஓர்டிஜியா என்ற சின்னத் தீவில் இருக்கிறது, பாலத்தால் தாண்டவேண்டும். தீவின் விளிம்பில் ஒரு வட்டக் கேணி. நடுவில் பப்பிரசுக் கோரை ஆள் உயரத்துக்கு வளர்ந்து நிற்கிறது, வாத்துகள் நீந்துகின்றன. மதிலுக்கு அந்தப் பக்கம் கடல் அடிக்கிறது, இந்தப் பக்கம் ஊற்று.

வெளியே ஒருவர் நிலத்தில் துணி விரித்துப் பழைய காசுகள் விற்றுக்கொண்டிருந்தார். மகள் ஒன்றைக் கையில் எடுத்தவள் வைக்கவே இல்லை. 12 யூரோ கொடுத்தேன். மாமனாரின் வயலை உழும்போது கிடைத்தது என்று அந்த மனிதர் தாயின் மேல் சத்தியம் செய்தார். ஒரு பக்கம் பக்கவாட்டில் ஒரு பெண்ணின் முகம், அதைச் சுற்றி நான்கு மீன்கள். மறுபக்கம் நான்கு குதிரை பூட்டிய தேர், மேலே சிறகு முளைத்த ஒருத்தி பறக்கிறாள்.

பலேர்மோ திரும்பியதும் நான் பார்த்துக்கொள்ளும் ஐயாவிடம் காட்டினேன். அவர் ஒன்றும் பேசாமல் மேசை லாச்சியை இழுத்துப் பழைய 500 லீரா நோட்டு ஒன்றை எடுத்துப் போட்டார். 1966இல் வந்த நோட்டு. அதிலும் இதே முகம்! "இளமையில் இவளைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு திரிந்தேன்" என்று சிரித்தார். பெயர் அரெத்தூசா என்றார். அதற்கு மேல் சொல்லுமுன் நித்திரையாகிவிட்டார்.

மகளின் கேள்விகள்: அவள் தண்ணீருக்குள் மூழ்கிக்கொண்டிருக்கிறாளா? மீன்கள் அவளைக் கடிக்கின்றனவா, காப்பாற்றுகின்றனவா? தேர் யாருடையது? அருங்காட்சியகத்தில் இப்படிப் பத்துப் பதினைந்து காசுகள் பார்த்தோம், ஒவ்வொன்றிலும் தலைமுடி வேறு மாதிரி. ஒரே பெண்ணா, பல பெண்களா?

என் கேள்வி ஒன்றுதான்: இது உண்மையான காசா?

பழங்காசு:

கடைசிக் கேள்விக்கு முதலில் வருகிறேன். நான் 28 வருடமாகக் காசு சேர்க்கிறேன். அதில் முதல் ஐந்து வருடம் சேர்த்தவை எல்லாம் போலி. ஆகவே அனுபவத்தோடு சொல்கிறேன்.

சமையலறைத் தராசில் நிறுத்துப் பாருங்கள். உங்கள் காசு நான்கு திராக்மா வகை (திராக்மா என்பது பழைய கிரேக்கப் பண அலகு). அசலாக இருந்தால் 17 கிராமுக்கு அருகில் நிற்கும். பிறகு விளிம்பைச் சுற்றி நகத்தால் தடவுங்கள், மெல்லிய கோடு ஒன்று தட்டுப்பட்டால் வார்ப்பில் செய்த நினைவுப் பொருள். காந்தம் ஒன்றையும் அருகில் கொண்டுபோய்ப் பாருங்கள், வெள்ளி ஒட்டாது. இன்னொன்றையும் யோசியுங்கள்: இத்தாலியில் மண்ணுக்குள் இருந்து வரும் தொல்பொருள் அரசுக்குச் சொந்தம். மாமனாரின் வயல் கதை பொய்யாக இருக்கட்டும் என்று வேண்டிக்கொள்ளுங்கள். அது உண்மையாக இருந்தால்தான் உங்களுக்குத் தொல்லை.

போலி செய்வது புதிய தொழிலும் அல்ல. ஜெர்மனியில் பெக்கர் என்று ஒருவர் இருந்தார் (1772–1830). கிரேக்க, ரோமானியக் காசுகளுக்குத் தன் கையாலேயே அச்சு வெட்டியவர். அடித்த காசுகள் புதுப் பளபளப்போடு இருக்குமல்லவா? அவற்றை எண்ணெயும் இரும்புத் தூளும் போட்ட பெட்டியில் வைத்துத் தன் குதிரை வண்டியில் கட்டி ஊரைச் சுற்றி வருவாராம். குலுங்கிக் குலுங்கி இரண்டாயிரம் வருடத் தேய்மானம் ஒரு மாலையில் வந்துவிடும். பெரிய அருங்காட்சியகங்களே ஏமாந்திருக்கின்றன. நீங்கள் 12 யூரோவோடு தப்பித்தீர்கள்.

இனி உங்கள் மகளுக்கு. அம்மா, நீ பார்த்த கேணிதான் அந்தப் பெண். அவள் மூழ்கவில்லை, அவளே தண்ணீர்.

கிரேக்க நாட்டின் தெற்கில், பெலொபொன்னீசில், ஆல்ஃபியோஸ் என்று ஒரு ஆறு. ஒலிம்பியா வழியாக ஓடுகிறது. அரெத்தூசா வேட்டைத் தெய்வமான ஆர்ட்டெமிசின் தோழி. ஒருநாள் களைத்துவந்து அந்த ஆற்றில் இறங்கிக் குளித்தாள். ஆற்றுத் தெய்வம் அவள் மேல் ஆசை கொண்டு மனித உருவில் துரத்தியது. ஓடி ஓடி முடியாமல் அவள் ஆர்ட்டெமிசைக் கூப்பிட்டாள். தேவி அவளை மேகத்தால் மூடினாள். மேகத்துக்குள் நின்றவளுக்குப் பயத்தில் வியர்த்தது. வியர்வை பெருகிப் பெருகி அவளே நீராகிவிட்டாள். ஆல்ஃபியோசும் லேசுப்பட்டவன் அல்லன். மனித உருவைக் கழற்றிவிட்டு மறுபடி ஆறாகி அவளோடு கலக்கப் பார்த்தான். தேவி நிலத்தைப் பிளந்தாள். அரெத்தூசா அந்தப் பிளவுக்குள் இறங்கி, கடலுக்கு அடியிலேயே ஓடி, சிசிலியில் ஓர்டிஜியாத் தீவில் ஊற்றாக எழுந்தாள். ஓவிட் என்ற ரோமானியக் கவிஞர் இதை அவள் வாயாலேயே சொல்ல வைத்திருக்கிறார்.

ஆறு விடாமல் பின்தொடர்ந்து வந்து அந்த ஊற்றில் கலந்துவிட்டது என்றும் நம்பினார்கள். ஒலிம்பியாவில் ஆற்றில் விழுந்த கிண்ணம் சிரகூசாவின் ஊற்றில் வந்து மிதந்ததாம். அங்கே காளைகளைப் பலியிட்டால் இங்கே தண்ணீர் கலங்குமாம். ஸ்ட்ராபோ என்ற புவியியல் அறிஞர் இதைக் கேட்டு எரிச்சலடைந்தார்: ஆறு எல்லோர் கண்ணுக்கும் தெரியக் கடலில் போய் விழுகிறது, நடுவில் அதை விழுங்கும் பிலம் எதுவும் இல்லை, பிறகெப்படி? நியாயமான கேள்விதான். ஆனால் கதைக்கு அது தேவையில்லை. சிரகூசாவை கி.மு. 733 வாக்கில் நிறுவியவர்கள் கிரேக்கத்தின் கொரிந்து நகரத்திலிருந்து கப்பலேறி வந்தவர்கள். விட்டுவந்த மண்ணின் தண்ணீர் கடலுக்கு அடியால் தங்களைத் தேடி வந்திருக்கிறது என்று நம்புவது அவர்களுக்கு எவ்வளவு ஆறுதலாக இருந்திருக்கும் என்பதைப் பலேர்மோவில் 16 வருடம் இருக்கும் உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

அந்த நான்கு மீன்களும் கடலைக் குறிக்கின்றன. கடல் சூழ்ந்த தீவு, நடுவே நன்னீர். அந்தத் தீவின் வரைபடத்தையே காசில் அடித்துவிட்டார்கள் என்றுதான் நான் பார்க்கிறேன்.

கடலோரம்:

ஒரு திருத்தம் மட்டும். அவை மீன்கள் அல்ல, ஓங்கில்கள், அதாவது டால்பின்கள். மூக்கு நீண்டிருக்கிறது, முதுகில் ஒரு துடுப்பு, வால் வளைவு. எங்கள் ஊரில் வலையில் தெரியாமல் சிக்கினால்கூட அறுத்து விட்டுவிடுவார்கள். கடிக்காது என்று பிள்ளைக்குச் சொல்லுங்கள்.

இத்தாலியின் குதிகாலில் இருக்கும் தாரந்தோ நகரத்தின் பழைய காசுகளையும் பாருங்கள். அதில் ஒரு பையன் ஓங்கில் மேல் சவாரி செய்வான். கடல் தெய்வம் பொசைடனின் மகன், பெயர் தாராஸ். நகரத்தின் கிரேக்கப் பெயரும் அதுவே. இருநூறு வருடத்துக்கு மேல் அதே பையன், அதே ஓங்கில். கையில் இருக்கும் பொருள் மட்டும் மாறிக்கொண்டே போகும்: ஒருமுறை திரிசூலம், ஒருமுறை கிண்ணம், ஒருமுறை கேடயம்.

பட்டறைக்காரன்:

நான் கோயம்புத்தூரில் நகைப் பட்டறை வைத்திருக்கிறேன். எனக்குப் புராணம் தெரியாது, அச்சு தெரியும். இதைப் படித்துவிட்டு சிரகூசா காசுகளின் படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தேன். இரவு இரண்டு மணி ஆகிவிட்டது.

காசுமாலைக்கு லட்சுமி உருவம் அடிக்கிறோம். அச்சில் எல்லாம் தலைகீழ்: மேடாக வரவேண்டியது பள்ளம், இடது வலதாகும். முகத்தில் மூக்குதான் அச்சின் ஆழமான பள்ளம். ஒரு மயிரிழை அதிகமாகத் தோண்டிவிட்டால் லட்சுமி கிளியாகிவிடுவாள். அதனால் வெட்ட வெட்ட மெழுகில் ஒற்றிப் பார்த்துக்கொண்டே இருப்போம். இது இன்றைய வெளிச்சம், இன்றைய உருப்பெருக்கியோடு செய்வது.

இந்தச் சிரகூசாக்காரர்கள் 2400 வருடம் முன்பு, ஏறக்குறைய நம் ஒரு ரூபாய் காசு அளவு இடத்தில், ஒவ்வொரு முடியையும் தனித்தனியாக வெட்டியிருக்கிறார்கள். கிமோன் என்று ஒரு கலைஞன். கி.மு. 5ஆம் நூற்றாண்டின் கடைசி ஆண்டுகளில் அவன் வெட்டிய ஒரு காசில் அரெத்தூசா பக்கவாட்டில் இல்லை, நேரே நம்மைப் பார்க்கிறாள். முடி நீரில் மிதப்பதுபோல் நாலாபக்கமும் அலைகிறது, அந்த முடிக்குள் ஓங்கில்கள் புகுந்து வெளியே வருகின்றன. நெற்றிப் பட்டையில், முடிக்கு நடுவே, தன் பெயரை வெட்டியிருக்கிறான். அதுவும் தலைகீழாகத்தான் வெட்டியிருக்க வேண்டும். எந்தப் பட்டறையில் இதற்கு விடுவார்கள்? நான் செய்த தாலிகளில் என் பெயரைப் போட்டால் வீட்டில் அடி விழும்.

தொழில்காரனாக ஒரு குறையும் சொல்கிறேன். நேர்முகம் காசுக்கு உதவாது. மூக்குதான் மேலே நிற்கிறது, சந்தையில் கை மாறினால் முதலில் தேய்வது அதுதான். பக்கவாட்டு முகம் என்றால் தேய்மானம் கன்னமெங்கும் பரவும். கிமோனுக்கும் இது தெரியாமல் இருந்திருக்காது. தெரிந்தேதான் செய்திருக்கிறான்.

அப்புறம், அடிக்கிற முறை. கீழச்சு பட்டறைக்கல்லில் பதிந்து நிற்கும், மேலச்சு கையில். நடுவில் சூடாக்கிய வெள்ளி வில்லை, மேலே சம்மட்டி அடி. அடி நேரே வாங்குகிற மேலச்சு சீக்கிரம் உடையும். கிமோன் அந்த நேர்முகத்தைக் கீழச்சில் வெட்டியிருக்கிறான். புத்திசாலி.

பலேர்மோவாசி:

அனைவருக்கும் நன்றி. தராசு 9 கிராம் என்கிறது. காந்தம் கேட்டதற்கு மகள் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டியிருந்த காந்தத்தைக் கழற்றிக்கொண்டு வந்தாள். காசு பாய்ந்து போய் ஒட்டிக்கொண்டது. மனைவி ஒன்றும் சொல்லவில்லை, பார்த்த பார்வை போதும். இப்போது அரெத்தூசா அந்தப் பெட்டியின் கதவில்தான் இருக்கிறாள், பால் கணக்கைப் பிடித்துக்கொண்டு.

ஆல்ஃபியோஸ் கதையை வேலைக்குப் போகும்போது பஸ்ஸில் படித்தேன். கடலுக்கு அடியால் வந்த தண்ணீர் என்ற இடத்தில் நிறுத்திவிட்டு, இறங்கவேண்டிய இடத்தைத் தவறவிட்டேன். வேறொன்றுமில்லை.

முதியவர் இன்று உற்சாகமாக இருந்தார். "எல்லாக் காசிலும் அரெத்தூசா என்று நம்பிவிடாதே, சிலவற்றில் பெர்செபொனே" என்கிறார். இது சரியா? தேர் கேள்விக்கும் பதில் வரவில்லை என்று மகள் நினைவூட்டச் சொன்னாள்.

பழங்காசு:

உங்கள் முதியவர் விஷயம் தெரிந்தவர். கிமோனின் நேர்முகக் காசில் தலைக்கு மேல் அரெத்தூசா என்று பெயரே எழுதியிருப்பதால் அதில் சண்டை இல்லை. மற்றவற்றில் உண்டு. கிமோன் காலத்திலேயே எவைனெட்டோஸ் என்று இன்னொரு கலைஞர் பத்துத் திராக்மா காசு ஒன்று செய்தார். 43 கிராம் வெள்ளி, உள்ளங்கையில் வைத்தால் கனம் தெரியும். அதில் பெண்ணின் முடியில் நீண்ட இலைகள் செருகியிருக்கின்றன. நாணல் இலை என்று படித்தால் ஊற்றுப் பெண். தானியத் தாள் என்று படித்தால் பயிர்த் தெய்வத்தின் மகள் பெர்செபொனே. அவளைப் பாதாளத்துக்குத் தூக்கிக்கொண்டு போனதே சிசிலியில்தான், என்னா ஊர்ப் பக்கம் என்று அந்தத் தீவில் நம்பினார்கள். நூறு வருடம் கழித்து அகதோக்ளிஸ் என்ற ஆட்சியாளர் காலத்தில் தானியமாலை சூடிய தலைக்குப் பக்கத்தில் கோரே என்று எழுதிவிட்டார்கள். பெர்செபொனேயின் இன்னொரு பெயர் அது. எவைனெட்டோசின் பெண்ணை நான் அரெத்தூசா என்றே வைத்துக்கொள்கிறேன். சுற்றிலும் ஓங்கில்களை விட்டுவிட்டு அவளைப் பாதாளத்துக்கு அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. இது ஆராய்ச்சி அல்ல, பிடிவாதம்.

தலைமுடிக்கு வருகிறேன். தொடக்கத்தில், கி.மு. 6ஆம் நூற்றாண்டின் கடைசியில், அந்தத் தலை சதுரப் பள்ளத்தின் நடுவே ஒரு பட்டாணி அளவுதான். பிறகு முகம் வளர்ந்து காசை நிறைத்தது. முதலில் முத்துக் கோத்ததுபோல் புள்ளிப் புள்ளியாக முடி முதுகில் தொங்கும். பிறகு மேலே சுருட்டிக் கட்டினார்கள், வலை போட்டார்கள், துணிப்பை போட்டு மூடினார்கள், கடைசியில் சுருள் சுருளாக அவிழ்த்துவிட்டார்கள். காசுகளைக் காலவரிசைப்படுத்த இந்தக் கொண்டைகளும் உதவுகின்றன. பெண் ஒருத்திதான், நூறு வருட நாகரிகம் அவள் தலையில் ஏறி இறங்கியிருக்கிறது.

இனித் தேர். பந்தயத் தேர் அது. பறப்பவள் நிக்கே, வெற்றித் தெய்வம். சில காசுகளில் குதிரைக்கு மாலை போடுகிறாள், சிலவற்றில் சாரதிக்கு. குதிரைக்குப் போடுவதுதான் நியாயம் என்பேன். சிரகூசாவைக் கி.மு. 485இல் கைப்பற்றிய கெலோன் அதற்கு மூன்று வருடம் முன்பு ஒலிம்பியாவில் தேர்ப் பந்தயம் வென்றவர். தேர் அவருக்கு முன்பே காசில் இருந்தது. நிக்கே அவர் காலத்தில் வந்து சேர்ந்தாள். ஒலிம்பியா எந்த ஆற்றங்கரை என்று உங்கள் மகளைக் கேளுங்கள். காசின் இரண்டு பக்கமும் சேருகிற இடம் அதுதான்.

பெருமையடிப்பதில் இதைவிட வேடிக்கை ஒன்று இருக்கிறது. சிசிலிக்கு எதிர்க்கரையில் ரேகியோன் நகரத்தை ஆண்ட அனக்சிலாஸ் ஒலிம்பியாவில் வென்றது குதிரைத் தேரில் அல்ல, கோவேறு கழுதை வண்டியில். மனிதர் கூச்சப்படவில்லை. கழுதை வண்டியையே காசில் அடித்தார். மெசினாவிலும் அதே காசு. வெற்றிக்குப் பாட்டுக் கேட்டு சிமோனிடிஸ் என்ற கவிஞரிடம் போனார்கள். கூலி குறைவு என்றதும், கழுதைகளைப் பற்றி எப்படிப் பாடுவது என்று கவிஞர் முகம் சுளித்தார். கூலியைக் கூட்டியதும் "புயல்காற் குதிரைகளின் புதல்வியரே, வாழ்க" என்று பாடினார். தாய் குதிரை என்பதைச் சொன்னார், தகப்பன் கழுதை என்பதை விட்டுவிட்டார். அரிஸ்டாட்டில் பேச்சுக்கலைக்கு உதாரணமாகச் சொன்ன கதை இது.

கடலோரம்:

அகதோக்ளிஸ் என்று பார்த்ததும் ஒரு ஐயம். நான் கேள்விப்பட்ட அகதோக்ளிஸ் கண்ணன் உருவத்தைக் காசில் அடித்தவர் அல்லவா?

பழங்காசு:

அவர் வேறு. உங்கள் அகதோக்ளிஸ் பாக்டிரியாவின் கிரேக்க அரசர், கி.மு. 180 வாக்கில். 1970இல் ஆப்கானிஸ்தானின் ஐ-கானும் என்ற இடத்தில் பிரெஞ்சு அகழாய்வாளர்கள் அவருடைய ஆறு சதுர வெள்ளிக்காசுகளை எடுத்தார்கள். ஒரு பக்கம் உலக்கையும் கலப்பையும் ஏந்திய சங்கர்ஷணர், அதாவது பலராமர், கிரேக்க எழுத்து. மறுபக்கம் சக்கரமும் சங்கும் ஏந்திய வாசுதேவர், பிராமி எழுத்து. கைக்குக் கிடைத்த தெய்வத்தைக் காசில் ஏற்றுவது கிரேக்கருக்குப் பழக்கம். போன இடத்துத் தெய்வத்தையும் விட்டுவைக்கவில்லை.

பலேர்மோவாசிக்கு ஒரு செய்தி. உங்கள் நகரம் அந்தக் காலத்தில் பூனிக்கர் ஊர். சிரகூசாவுக்குப் பரம எதிரியான, வட ஆப்பிரிக்காவின் கார்த்தேஜ் நகரத்தின் பக்கம். ஆனால் சீஸ் என்று பூனிக்க எழுத்தில் பெயர் பொறித்த காசுகள் இருக்கின்றன, பலேர்மோவுடையவை என்றே பெரும்பாலோர் கொள்கிறார்கள். அவற்றைத் திருப்பிப் பாருங்கள்: அதே பெண், அதே ஓங்கில்கள், அதே தேர். கார்த்தேஜ் தன் கூலிப்படைக்குச் சிசிலியில் அடித்த காசுகளிலும் எவைனெட்டோசின் பெண் வந்துவிட்டாள், பின்பக்கம் குதிரைத் தலையும் பேரீச்ச மரமும். போர் செய்துகொண்டே எதிரியின் காசைப் பார்த்து வரைந்திருக்கிறார்கள். கூலிப்படையினன் அறிந்த முகத்தைத்தானே வாங்குவான்.

உங்கள் நகரத்துத் தொல்லியல் அருங்காட்சியகத்துக்குச் சாலினாஸ் என்ற பெயர் வந்ததே ஒரு காசு அறிஞரால்தான். ஒரு ஞாயிறு போய்வாருங்கள்.

பலேர்மோவாசி:

வீட்டிலிருந்து நடந்து போகிற தூரம்தான். 16 வருடத்தில் உள்ளே போனதில்லை, வாசலில் நிழலுக்கு நின்றிருக்கிறேன். இந்த ஞாயிறு போகிறோம். முதியவர் 500 லீரா நோட்டை மகளிடம் கொடுத்துவிட்டார், புத்தகத்துக்குள் வைத்திருக்கிறாள்.

எல்லாவற்றையும் அவளுக்கு வாசித்துக் காட்டினேன். ஒலிம்பியா எந்த ஆற்றங்கரை என்பதைச் சரியாகச் சொன்னாள். ஆனால் அவளுக்கு இப்போது அரெத்தூசா வேண்டாமாம், கழுதை வண்டிக் காசுதான் வேண்டுமாம். 12 யூரோவுக்குள் கிடைக்குமா என்று பழங்காசு ஐயாவிடம் கேட்கச் சொல்கிறாள். காந்தத்தில் ஒட்டினாலும் பரவாயில்லையாம்.